யூசுப் நபியின் கதிரும் கருங்குதிரைக்காரனின் தராசும்

யூசுப் (அலை) அவர்களின் வரலாறு நம்மவர்க்குப் புதியதன்று. புதுக்கோட்டை வட்டாரத்து மார்க்க மேடைகளில் நாம் அதனைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். பேசுவோர் நபியின் அழகையும் ஜுலைகாவின் காதலையும் இரவெல்லாம் விரித்துரைப்பர். பஞ்சம் வந்ததும் இரண்டே வாக்கியங்களில் கடந்து விடுவர். சாரண பாஸ்கரனின் காப்பியமும் 'யூசுப் ஜுலைகா' என்றே பெயர் பூண்டது. திருமறையோ அப்பெண்மணியின் பெயரைச் சொல்லவேயில்லை. தானியத்தைப் பற்றியோ நுணுக்கமாகப் பேசுகிறது.

ஏழாண்டுகள் பயிரிடுங்கள், உண்பதற்கான சிறிதளவு போக, அறுத்ததைக் கதிரிலேயே விட்டு வையுங்கள் என்பது அந்நபியின் விளக்கம் (12:47). வரகை உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது என்றறிந்த நம் சீமைக் கிழவிக்கு இதற்குத் தஃப்ஸீர் வேண்டுமா? அடுத்த வசனம், கொடிய ஏழாண்டுகள் சேமித்ததையெல்லாம் தின்றுவிடும், நீங்கள் காத்து வைக்கும் சிறிதளவைத் தவிர என்கிறது. அச்சிறிதளவு விதைப்பதற்காக நிறுத்தி வைப்பது என்பார் இமாம் குர்துபி. பசித்த வயிற்றுக்கு முன்னும் விதைக்கோட்டையை அவிழ்க்காதிருத்தல்! கனவின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து.

பைபிளின் ஆதியாகமத்திலும் இக்கனவு உண்டு (41). அங்கே விளைச்சலில் ஐந்திலொன்று சேர்க்கப்படுகிறது. பின்னர் மக்கள் பணத்தையும் கால்நடைகளையும் கொடுத்துத் தீர்த்து, இறுதியில் நிலத்தையும் தங்களையும் பிர்அவ்னுக்கு விற்ற பிறகே விதை பெறுகின்றனர் (47). திருமறையில் இவ்விற்பனை இல்லை. ஆயினும் பஞ்சத்தில் நிகழ்வதை அந்நூல் மறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிப்படுத்தின விசேஷத்தில் (6) கருங்குதிரை மீது வருபவன் கையில் தராசு இருக்கிறது. ஒரு நாட்கூலிக்கு ஒரு படி கோதுமையே கிடைக்கும் என்ற குரலும் எழுகிறது. தானியம் இருக்கிறது, விலைதான் எட்டவில்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் கண்டதும் இதுவே: மக்கள் மடிந்துகொண்டிருக்கையில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. அரசன் கண்டவை ஏழு பசுக்களும் ஏழு கதிர்களும், அவற்றின் எதிரிணைகளுமே. கனவில் இல்லாத ஒன்றையும் நபி கூறினார்: அதன்பின் மழையருளப்பட்டு மக்கள் பழம் பிழியும் ஓராண்டு வரும் (12:49). ஆதியாகமத்தில் இச்செய்தி இல்லை. அந்தப் பதினைந்தாம் ஆண்டைப் பற்றி எந்த மேடையிலும் நாம் இதுவரை கேட்டதில்லை.