எண்ணெய்க்காக வளர்த்த அரக்கன்

ஜான் விண்டம் 1951இல் வெளியிட்ட 'தி டே ஆஃப் தி டிரிஃபிட்ஸ்' என்னும் நவீனத்தை வெறும் பேய்க்கதையென ஒதுக்குவார் உளர். அது தோட்டத்துக் கதையே என்பது நம் துணிபு. நடந்து வந்து நஞ்சு கொட்டும் டிரிஃபிட் செடியை மாந்தர் அழித்தாரில்லை. அதன் எண்ணெய் உயர்ந்ததாயிற்றே! சங்கிலி பூட்டி வளர்த்தனர். ஓரிரவு வானத்துப் பச்சையொளியை வேடிக்கை பார்த்தோர் விடியலில் குருடராயினர், செடி எசமானனாயிற்று. இலாபத்தையே நோக்கிய கண்கள் அதற்கு முன்னரே அவிந்திருந்தன என்பதே நூலின் உட்குறிப்பு.

கோல சிலாங்கூர் வாசகர்க்கு இது புதிதன்று. 1917இல் ஹென்றி ஃபொகொனியே தென்னமரம் தோட்டத்தில் (பெயரில் தென்னை, நட்டதோ ஆப்பிரிக்கச் செம்பனை!) இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். செம்பனைக்குக் காலில்லை, விலை அதற்குக் கால் கொடுத்தது. காடும் சதுப்பும் கடந்து, சிலாங்கூர் ஆற்றங்கரையில் மின்மினி தங்கும் பெரெம்பாங் மரங்களையும் அது நெருக்கிற்று.

நூலில் ஒரு குறையுண்டு. கதை சொல்லும் பில் மேசன் ஆராய்ச்சியாளன், முகமூடி அணிந்தவன். அச்செடிகளின் அடியில் நாட்கூலிக்கு நின்றவன் குரல் நூலில் கேட்பதில்லை. செக்ரோல் எழுதும் நமக்கு அவ்வெற்றிடம் பெரிதாய்த் தெரிகிறது.