காலியிடத்தைக் காட்டினால் போதுமா?

நகர மையத்து நெரிசலில் ஒரு பங்கு, வர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட வண்டிகளால் ஆனது. நிறுத்த இடம் கிடைக்காமல் அதே நாலு தெருவைச் சுற்றிச் சுற்றி வருபவை அவை. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் கற்பித்த டொனால்ட் ஷூப் இந்தச் சுற்றலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1927 முதல் 2001 வரை பல நகரங்களில் நடந்த ஆய்வுகளை அவர் தொகுத்துப் பார்த்தார். சாலையில் ஓடும் வண்டிகளில் சராசரியாக 30 விழுக்காடு இடம் தேடுபவை, ஒரு வண்டி தேடும் நேரம் சராசரியாக 8 நிமிடம் என்று கணக்கு வந்தது. நெரிசல் இருக்கும் இடத்தில்தான் யாரும் போய் அளப்பார்கள் என்பதால் இந்த எண்ணை எல்லாத் தெருவுக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் சிறுதுளி பெருவெள்ளமாவது இங்கே உண்மை. வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற சிறிய கடைவீதிப் பகுதியில் ஒரு வண்டி சுற்றுவது சராசரியாக அரை மைல்தான். ஓராண்டுக்குக் கூட்டினால் அது 9,50,000 மைலாகிறது.

இதற்குக் கைப்பேசிச் செயலி இயல்பான மருந்தாகவே தோன்றும். இடம் எங்கே காலி என்பது ஓட்டுநருக்குத் தெரியாததுதான் நோய் என்றால், தெரிவித்துவிட்டால் தீர்ந்துவிட வேண்டும். இந்த எண்ணத்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நகரம் சான் பிரான்சிஸ்கோ. அங்கே 2011-இல் முழுவீச்சில் தொடங்கிய ‘எஸ்எஃப்பார்க்’ திட்டம், பார்க்கிங் செயலி வடிவமைக்க நினைக்கும் எவரும் இன்றும் படிக்க வேண்டிய பாடம். அதன் வெற்றி ஒரு பாடம்; அந்த வெற்றி எதனால் வந்தது என்பது அதைவிட முக்கியமான பாடம்.

ஏழு பகுதிகளில், மீட்டர் வைத்த ஏறத்தாழ 7,000 தெருவோர இடங்களும், நகராட்சியின் பல அடுக்கு நிறுத்தகங்களில் 12,000-க்கும் மேற்பட்ட இடங்களும் திட்டத்துக்குள் வந்தன. தெருவில் சென்சார்கள் பதிக்கப்பட்டன. எந்தத் தெருவில் இடம் இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்பதைச் செயலி காட்டியது. இதற்கு அடியில் இன்னொரு இயந்திரமும் ஓடியது. ஒரு பிளாக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் இடம் நிரம்பினால் மணிக் கட்டணம் 25 சென்ட் கூடும். 60-க்குக் கீழே போனால் 25 சென்ட் குறையும். 30-க்கும் கீழே போனால் 50 சென்ட் குறையும். காலை, நண்பகல், மாலைக்குத் தனித்தனிக் கட்டணம். வார நாளுக்கும் வார இறுதிக்கும் வேறு வேறு. மிகக் குறைந்தது 25 சென்ட், மிக அதிகம் 6 டாலர். எந்தத் தெருவிலும் ஓரிரு இடமாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்ற ஷூப்பின் கருத்துதான் இதன் கரு.

2014-இல் வந்த மதிப்பீட்டு அறிக்கை சொன்னவை சாதாரணமானவை அல்ல. சோதனைப் பகுதிகளில் இடம் தேடும் நேரம் 43 விழுக்காடு குறைந்தது. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட பகுதிகளிலோ 13 விழுக்காடுதான். தேடிச் சுற்றும் தூரம் 30 விழுக்காடு குறைந்தது. ஏற்கெனவே ஓரமாக நிற்கும் வண்டியை ஒட்டி நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போகும் பழக்கமும் தணிந்தது. கட்டணக் கொள்ளை நடக்கும் என்று அஞ்சியவர்களுக்கு ஒரு வியப்பும் இருந்தது: சராசரி மீட்டர் கட்டணம் 4 விழுக்காடும், நிறுத்தகக் கட்டணம் 12 விழுக்காடும் இறங்கியிருந்தன.

இதில் செயலியின் பங்கு உண்டு. இரண்டு தெரு தள்ளி விலை பாதி என்பதும், நிறுத்தகத்தில் இடம் தாராளமாக இருக்கிறது என்பதும் கண்ணில் பட்டால்தான் அங்கே போகத் தோன்றும். தெருவையும் நிறுத்தகத்தையும் ஒரே வரைபடத்தில் அருகருகே வைத்தது நல்ல வடிவமைப்பு. வாசல் முன்பே நிறுத்த வேண்டும் என்ற பிடிவாதத்தை அது கொஞ்சம் தளர்த்தியிருக்கும்.

ஆனால் ‘இதோ காலியிடம்’ என்று வரைபடத்தில் காட்டும் புள்ளிதான் செயலியின் கவர்ச்சி. அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. காலியிடம் என்பது சில நொடிகளுக்கு மட்டும் உண்மையாக இருக்கும் செய்தி. கடைவீதியில் ஓர் இடம் காலியாவதும் நிரம்புவதும் ஒரே மூச்சில் நடக்கும். செயலி சொல்லி, ஓட்டுநர் பார்த்து, சிக்னலைத் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் அது பழங்கதை. பயனர்கள் பெருகப் பெருகச் சிக்கலும் பெருகும். அதே புள்ளியை நோக்கிப் பத்துப் பேர் விரைந்தால் ஒருவர் நிறுத்துவார், ஒன்பது பேர் மறுபடி சுற்றுவார்கள். நிறுத்தகத்தில் இடத்தை முன்பதிவு செய்யலாம். பொதுத் தெருவில் முடியாது. நெரிசல் குறைந்த நேரத்தில் செயலி துல்லியமாக வேலை செய்யும், ஆனால் அப்போது அது தேவைப்படாது.

சென்சார் இல்லாமல் மக்களையே நம்பிய முயற்சிகளும் இருந்தன. கூகுள் 2010-இல் வெளியிட்ட ‘ஓபன் ஸ்பாட்’ செயலியில், இடத்தை விட்டுக் கிளம்புகிறவர் அதைக் குறித்துவிட்டுப் போக வேண்டும். கிளம்புகிறவருக்கு அதனால் ஆதாயம் ஒன்றுமில்லை. தேடுகிறவருக்கோ தன்னைச் சுற்றி ஆயிரம் பேர் அப்படிக் குறித்தால்தான் பயன். அந்தச் செயலி நிலைக்கவில்லை. ஆதாயம் காட்டி இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தது 2014-இல் சான் பிரான்சிஸ்கோவில் பேசப்பட்ட ‘மங்கிபார்க்கிங்’. தான் நிறுத்தியிருக்கும் தெருவோர இடத்தை அடுத்தவருக்கு ஏலம் விட அது வழிசெய்தது. பொதுச் சொத்தை விற்க உனக்கு உரிமையில்லை என்று நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா அந்த ஆண்டு ஜூனிலேயே தடை அறிவிப்பு அனுப்பினார். ஏலம் எடுத்தவர் வரும்வரை விற்கிறவர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதை மட்டும் பார்த்தாலே போதும். நெரிசலைக் குறைக்க வந்த செயலி அதைக் கூட்டவே செய்யும்.

ஓட்டும்போது திரையைப் பார்க்க வைப்பது அடுத்த குறை. கலிபோர்னியாவிலேயே கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு எதிரான சட்டம் 2017-இல் மேலும் இறுகியது. அப்படியென்றால் பார்க்கிங் செயலி வேலை செய்ய வேண்டிய நேரம், வீட்டிலிருந்து கிளம்பும் முன். அந்த நேரத்தில் காலியிடப் புள்ளியால் பயனில்லை. ‘சனி மாலை ஆறு மணிக்கு இந்தத் தெருவில் இடம் கிடைப்பது அரிது, நிறுத்தகத்தில் கிடைக்கும், அங்கிருந்து ஐந்து நிமிட நடை, இன்ன கட்டணம், அல்லது ரயிலில் வா’ என்ற குறிப்புதான் உதவும். கூகுள் மேப்ஸ் 2017-இல் அமெரிக்க நகரங்களில் சேர்த்த வசதி இந்தத் திசையில் போனது. காலியிடம் எங்கே என்று அது காட்டவில்லை. போகும் இடத்தில் நிறுத்துவது எளிதா கடினமா என்று மட்டும் சொன்னது. அடக்கமான தகவல், ஆனால் முடிவெடுக்க உதவும் தகவல்.

எஸ்எஃப்பார்க்கின் பிற்காலம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சென்சார்களின் காலம் முடிந்து, 2013 டிசம்பர் இறுதியில் அவை நிறுத்தப்பட்டன. தெருவோரக் காலியிடத்தை உடனுக்குடன் காட்டும் வசதியும் அதோடு போயிற்று. விலை மாற்றும் முறை போகவில்லை. மீட்டரில் விழும் காசைக் கொண்டே தெரு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மதிப்பிடும் கணக்கை உருவாக்கி, 2018-இல் அதை நகரத்தின் மீட்டர்கள் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. மாற்றுத்திறனாளி அட்டை வைத்த வண்டிகள் அங்கே மீட்டர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதால், காசு விழாத இடமெல்லாம் காலி என்று சொல்ல முடியாது. அதற்கும் ஈடுசெய்யும் திருத்தம் தேவைப்பட்டது. செயலியும் விலையும் சேர்ந்தே வந்ததால், 43 விழுக்காட்டில் எது யாருடைய பங்கு என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒன்றை எடுத்த பிறகும் நகரம் மற்றொன்றை வைத்துக்கொண்டு வளர்த்தது என்பதே ஒரு தீர்ப்புதான்.

சென்னை மாநகராட்சியும் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரை மையமாக வைத்துச் செயலி வழிப் பார்க்கிங்கைக் கொண்டுவந்தது. அருகே பல அடுக்கு நிறுத்தகமும் எழுந்தது. இங்கே கணக்கு இன்னும் சிக்கலானது. ஒரு கட்டத்துக்கு ஒரு கார் என்று வைத்துத்தான் சென்சார் எண்ணும். ஒரு கார் இடத்தில் ஐந்தாறு பைக்குகள் நிற்கும் தெருவில் ‘காலி’ என்பதற்கே வரையறை தேவை. கட்டம் போட்ட தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் இலவசமாக நிறுத்தலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றால், பணம் கட்டச் சொல்லும் செயலியை யார் திறப்பார்கள்? விசிலடித்து வண்டியை உள்ளே வாங்கும் ஊழியர் நிறைய இடங்களில் செயலியைவிடத் துல்லியமானவர். எந்த வண்டி இப்போது கிளம்பும் என்பதுகூட அவருக்குத் தெரியும். அவரை நீக்கிவிட்டு வரும் செயலியைவிட, அவர் கையில் பணம் வாங்கும் கருவியாகவும் கணக்கு வைக்கும் கருவியாகவும் இருக்கும் செயலிக்கே இங்கே ஆயுள் அதிகம்.

ஆகவே பார்க்கிங் செயலி வீண் என்பது என் வாதமல்ல. விலையைத் தெரிவிக்க, பணம் கட்ட, நேரம் முடிவதை நினைவூட்ட, நிறுத்தகத்தில் முன்பதிவு செய்ய, எல்லாவற்றுக்கும் மேலாக எந்தத் தெரு எப்போது நிரம்புகிறது என்று நகராட்சிக்குக் கணக்குத் தர அது நல்ல கருவி. ஆனால் கட்டம் போடுவது, கட்டணம் வைப்பது, மீறினால் அபராதம் போடுவது ஆகிய மூன்றும் நடந்த பிறகு வர வேண்டிய நான்காவது படி அது. பல நகரங்கள் அந்த நான்காவது படியில் முதலில் காலை வைப்பதற்குக் காரணம் தொழில்நுட்ப மோகம் மட்டுமல்ல. செயலி திறப்பு விழாவுக்கு எதிர்ப்பே வராது. தெருவோர இடத்துக்கு நியாயமான விலை வைத்தால் கடைக்காரரும் கார்க்காரரும் சேர்ந்து கொதிப்பார்கள். அந்தக் கொதிப்பைச் சந்திக்கத் துணியாத நகராட்சி எத்தனை செயலிக்கு டெண்டர் விட்டாலும், வண்டிகள் அதே நாலு தெருவைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.