கட்டம் போட்ட காலண்டர்

சில காலமாகக் கண்காட்சிக் கையேடுகளிலும் சிறுபத்திரிகை நேர்காணல்களிலும் ஒரே பேச்சு. நான் யாரையும் பார்த்து வரைந்ததில்லை, எனக்குள்ளிருந்தே வரைந்தேன். சொல்பவருக்கு இருபத்தைந்து வயது என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். விமர்சகர்களும் அதை நற்சான்றிதழாக வாங்கி முத்திரை குத்தும்போதுதான் எரிச்சல் வருகிறது. சங்கரன்கோவிலிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் கோவில்பட்டியில், பார்த்து வரைந்தே ஒரு ஓவியப் பள்ளி உருவானது. அந்தப் பள்ளியின் படம் தொங்காத வீடு தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் அபூர்வம். நம் நவீன ஓவிய வரலாறுகளில் அதற்குக் கிடைத்த இடம் ஓர் அடிக்குறிப்பு.

பழைய கதையை நீட்ட வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால வண்ணப்பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல் தெரியவந்தது. ஒரே சுவரில் ஒரு மரபின் மேல் இன்னொரு மரபு. தஞ்சாவூர்ப் படக்காரர்கள் முன்னோர் போட்டுவைத்த கோட்டுப்படத்தை ட்ரேஸ் எடுத்துத்தான் பலகையில் ஏற்றினார்கள். சீனத்தில் ஷியே ஹோ வகுத்த ஆறு விதிகளில் கடைசி விதியே முன்னோரைப் படியெடுப்பது. வான்கோ மனநல விடுதியில் இருந்தபோது மில்லேயின் படங்களைத் தன் வண்ணத்தில் மறுபடி வரைந்தார். பிக்காசோ 1957இல் வெலாஸ்கஸின் ஒரே படத்தை மையமாக்கி ஒரு முழுத் தொடரே போட்டார். இவர்களை யாரும் காப்பிக்காரர்கள் என்று சொல்வதில்லை. ரவிவர்மாவின் கதையும் தெரிந்ததுதான்: திருவாங்கூர் அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே எண்ணெய் வண்ணத்தைப் பிடித்துக்கொண்டார்.

1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியிலும் காப்பி இருந்தது. அது வேறு காப்பி. பிளாஸ்டர் பொம்மையை வைத்து நிழலைத் தேய்த்துத் தேய்த்து எடுக்கும் அந்த உயிரற்ற பயிற்சியை நான் தூக்கிப்பிடிக்க வரவில்லை. அதில் மாணவன் படிப்பது மேல்தோலை. ஒரு படத்தில் யார் எங்கே நிற்கிறார், ஏன் அங்கே நிற்கிறார், கண் எந்த வழியாக உள்ளே போய் எங்கே தங்குகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாமலே போய்விடும்.

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் சி. கொண்டையராஜு (1898–1976). ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார், பிறகு நாடகக் குழுக்களுக்குப் படுதா எழுதினார், 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். சிவகாசி அச்சகங்கள் பக்கத்திலேயே இருந்தன. பாடத்திட்டம் என்று எதுவுமில்லை. குருவின் படத்தைப் பார்த்து வரை, அவர் பார்த்ததை நீயும் பார், அவ்வளவுதான். பல படங்களின் அடியில் கொண்டையராஜு, சுப்பையா இருவரின் கையெழுத்தும் சேர்ந்தே இருக்கும். தனிமேதைக் கதைக்குப் பழகிய நம் விமர்சகர்களுக்கு இந்த இரட்டைக் கையெழுத்து இன்றுவரை செரிக்கவில்லை.

அவர்கள் எதைப் படித்தார்கள் என்பதற்குப் படங்களே சாட்சி. மதுரைக் கம்பத்தடி மண்டபத் தூணில் மீனாட்சி கல்யாணம் இருக்கிறது. நடுவில் மணப்பெண், ஒருபுறம் மாப்பிள்ளை, மறுபுறம் தாரைவார்க்கும் அண்ணன். மூன்று பேர் நிற்க இடம் போதாத தூணில் சிற்பி அந்த நெருக்கத்தையே உறவாக்கிவிட்டான். கைகள் கூடும் இடத்தில் பார்வை போய் நிற்கிறது. காலண்டர்களில் நாம் காலங்காலமாகப் பார்க்கும் கல்யாணக் காட்சிக்கு எலும்புக்கூடு அந்தத் தூண்தான். ரவிவர்மாவின் லட்சுமி தாமரைக் குளத்துக்குள் நிற்கிறாள். பின்னால் நிஜமான நீரும் நிஜமான தூரமும் உண்டு. கோவில்பட்டிக்காரர்கள் அந்தத் தூரத்தைச் சுருக்கினார்கள். படுதா எழுதிய கையல்லவா? தேவியை மேடையின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்து, நேர்முகமாக நிறுத்தி, விளக்கு விழுவதுபோல் முகத்தை ஒளிரவிட்டார்கள். எதிரே கும்பிட நிற்பவரோடு கண் கலக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதையும் காப்பி என்று சொல்கிறவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்.

எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. கே. சி. எஸ். பணிக்கர் 1957இல் சென்னைப் பள்ளியின் முதல்வரானார், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. பெரிய காலம், மறுக்கவில்லை. ஆனால் அந்த அலையோடுதான் ‘காலண்டர் ஆர்ட்’ வசைச்சொல்லாகத் தடித்தது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டம், கணக்கு நோட்டு, ஓலைச்சுவடி எழுத்து என்று யாரோ முகம் தெரியாதவர்கள் பக்கத்தை நிரப்பிய முறையைக் கவனித்துப் படித்த கண் அங்கே வேலை செய்கிறது. அது ஆய்வு என்று பெயர் பெற்றது. கோவில்பட்டிக்காரர் தூணைப் படித்தால் தொழில். பத்திரிகை ஓவியர் ‘சிற்பி’ கோயில் சிலைகளை எதிரே உட்கார்ந்து வரைந்து குவித்ததையும் இப்படித்தான் ‘பக்திப் பக்க’த்துக்குள் ஒதுக்கினார்கள்.

சங்கரன்கோவில் தேரடிக் கடைகளில் தொங்கும் சங்கரநாராயணர் படங்களை வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்தக் கல்லூரியும் நடத்தாத வகுப்பு ஒன்று அங்கே இருக்கிறது. ஓர் உடம்பில் இருவர். வலது பாதி வெளிர்நிறம், சடை, புலித்தோல். இடது பாதி நீலம், கிரீடம், பீதாம்பரம். நீலத்துக்கு எடை அதிகம். சும்மா விட்டால் படம் ஒருபுறமாகச் சாய்ந்துவிடும். மட்டமான அச்சுகளில் இரண்டு போட்டோவைக் கத்தரித்து ஒட்டியதுபோல நெற்றியிலிருந்து பாதம்வரை ஒரு வெட்டு விழுந்திருக்கும். நல்ல கை என்றால் மாலை இரு பாதியையும் கடந்து தொங்கும். திருவாசி ஒரே வளைவாக இருவரையும் அணைக்கும். புராணத்து நாகங்களான சங்கனும் பதுமனும் இருபுறமும் படமெடுத்துச் சாய்வைச் சரிக்கட்டுவார்கள்.

இதை வாயால் விளக்கிப் புரியவைக்க முடியாது. காலண்டரின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நீலம் இருக்கிறது என்று எண்ணி, அதைப் பெரிய தாளில் ஏற்றிப் பார்த்தால் புரியும். அடுத்த தாளில் மாலையை எடுத்துவிட்டு வரைந்தால் இன்னும் நன்றாகப் புரியும். நுண்கலைக் கல்லூரி முதலாண்டில் ஒரு பருவம் முழுக்க இந்த வேலையைக் கொடுக்கலாம். மாதிரிப் படங்களுக்குப் பெரிய செலவில்லை. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுநாள் தேரடியில் மலிவாகவே கிடைக்கும்.