ராடு பிரேக்கிலிருந்து டிஸ்க் பிரேக் வரை

புதிதாக வந்த சைக்கிளை ஒரு வாரம் ஓட்டிவிட்டு எடை, கியர், விலை என்று எழுதும் விமர்சனங்கள் நிறைய வருகின்றன. நானும் ஆசையாகப் படிக்கிறேன். ஆனால் சைக்கிளின் குணம் ஒரு வாரத்தில் தெரிந்துவிடாது. இரண்டு மழைக்காலமாவது போக வேண்டும். பெடலில் ஆட்டம் விழ வேண்டும். பின் சக்கரத்தில் போக்ஸ் கம்பி அறுந்து, அதை மாற்றக் கடை தேட வேண்டும். அதற்குப் பிறகும் வண்டியின் மேல் பிரியம் மிச்சமிருந்தால் அது நல்ல வண்டி. என்னிடம் இருந்த சைக்கிள்களை எல்லாம் அப்படித் தேயத் தேய ஓட்டியிருப்பதால், அவற்றைப் பற்றித் தைரியமாகச் சொல்லலாம்.

முதல் வண்டி அப்பாவுடையது. தஞ்சாவூரில் வாங்கிய, 24 இன்ச் பிரேம் உள்ள கறுப்பு வண்டி. 28 இன்ச் சக்கரம், ராடு பிரேக், முழு செயின் கவர், பின்னால் கனத்த கேரியர். கால் எட்டாத வயதில் அதில் குரங்குப் பெடல் போட்டேன். கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது அது என் வண்டியாகிவிட்டது. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1956இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ, சோனிபட்டின் அட்லஸ் என்று பெயர்கள் வேறுவேறாக இருந்தாலும், இந்தக் கறுப்பு வண்டிகளின் மூலம் இங்கிலாந்தின் ரோட்ஸ்டர்தான். அளவுகளும் பெரும்பாலும் ஒன்றே. ஒரு கம்பெனி வண்டியின் உதிரிப்பாகம் இன்னொன்றில் போய் உட்காரும். ஊருக்கு ஊர் மரத்தடியில் சைக்கிள் கடை நடக்க முடிந்ததற்கு இது பெரிய காரணம்.

எடை 20 கிலோவுக்குக் குறையாது. ஆனால் அந்த எடைக்கு ஈடாக அது திருப்பிக் கொடுப்பது அதிகம். முன் போர்க் நன்றாகச் சாய்ந்து, அடியில் முன்னோக்கி வளைந்திருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அந்த வளைவு லேசாக நெகிழ்ந்து அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40. பாரம் எங்கே விழும் என்று அறிந்து போட்ட கணக்கு அது. கேரியரில் நெல் மூட்டையை வைத்து, பாரில் தம்பியை உட்காரவைத்து வாய்க்கால் கரையோரம் வந்தாலும் சக்கரம் முனகாது.

ஓவராயில் பண்ணும் நாளில் நான் கடையை விட்டு நகர மாட்டேன். கடைக்காரர் ஆக்சிலைக் கழற்றி, பால்ஸை எல்லாம் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவார். பின் சக்கரத்துக்குக் கால் இன்ச் பால்ஸ், முன் சக்கரத்துக்கு அதைவிடச் சின்னது. துடைத்துப் பார்த்து, பளபளப்பு போனதைத் தனியே ஒதுக்குவார். கப்பில் கிரீஸைத் தடவி ஒவ்வொரு பாலாக ஒட்டிவைப்பார். பிறகு கோனை முடுக்குவதில்தான் கைப்பக்குவம். அதிகம் முடுக்கினால் சக்கரம் இறுகும், குறைந்தால் ஆடும். முடுக்கி முடித்ததும் சக்கரத்தைத் தூக்கி, வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி வைத்துக் கையை விடுவார். அந்தச் சின்ன வால்வின் கனத்துக்கே சக்கரம் தானாகச் சுழன்று, இரண்டு பக்கமும் ஊசலாடி, வால்வு அடியில் வந்து நிற்கும். நின்றால்தான் வேலை முடிந்தது. இன்றைக்கும் எந்த வண்டியை வாங்கப் போனாலும் நான் முதலில் செய்து பார்ப்பது இந்தச் சோதனைதான்.

ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காது. உள்பக்கத்தை, கம்பி முளைக்கும் பக்கத்தை, மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அதனால் ரிம் கொஞ்சம் கோட்டமாக இருந்தாலும் பிரேக் உரசாது. குண்டும் குழியுமான சாலைக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இல்லை. ஆனால் மழை வந்தால் கதை மாறிவிடும். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை வழுக்கும். லீவரை முழுதாக அழுத்தியும் வண்டி தன்பாட்டுக்குப் போகும், கடைசியில் செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்த வேண்டும். எந்தப் பெயர் போட்ட வண்டியானாலும் இந்த வகைக்கு இது பொதுவான குறை. ஐப்பசி மழையில் பாலத்து இறக்கத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும். டைனமோவும் அப்படித்தான், 6 வோல்ட், 3 வாட். வேகமாகப் போனால் வெளிச்சம், மெதுவாகப் போனால் மங்கல், நின்றால் இருட்டு. மோசமான சாலையில் மெதுவாகப் போகும்போதுதானே வெளிச்சம் அதிகம் வேண்டும்!

முதல் சம்பளத்தில் வாங்கியது பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது கனவு வண்டி. மெலிந்த டயர், கேபிள் பிரேக், எடையும் குறைவு. கறுப்பு வண்டியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பழகியவனுக்கு, இதில் லேசாகக் குனிந்து மிதித்தபோது காற்றே வழிவிட்ட மாதிரி இருந்தது. பொதுவாகவே ரிம்மை இரு பக்கமும் கவ்வும் பிரேக்குக்குச் சக்கரம் நேராக இருந்தாக வேண்டும் என்பதால், அடிக்கடி பெண்டு எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சில்லறை வேலையை நானே கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த வயதில் எனக்கு இதைவிட நல்ல வண்டி வாய்த்திருக்காது.

சேலத்துக்கு மாற்றலானதும் கியர் வண்டி வாங்கினேன். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், 21 கியர். இந்த 21 என்ற எண்ணைக் கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21. ஆனால் அவற்றில் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே அளவு. உண்மையில் காலுக்கு வேறுபாடு தெரிவது பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். அதில் எனக்கு விலைமதிப்பற்றது கடைசிக் கியர்: முன்னால் 28 பல், பின்னால் 28 பல். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே ஒரு சுற்று, ஏறக்குறைய 2 மீட்டர். அப்பாவின் வண்டியில் 44 பல்லுக்கு 18 பல் என்பதால் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகும். சமவெளிக்கு அது அருமை, மலைக்கு அது ஆகாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சீட்டை விட்டு எழாமல், மூச்சு வாங்காமல் ஏறவைத்தது இந்த 28க்கு 28 தான். ஷாக் அப்சார்பரைப் பற்றி அவ்வளவு நல்லவிதமாகச் சொல்ல முடியாது. மலிவு விலை வண்டியில் அது வெறும் கனம். மேட்டில் எழுந்து மிதித்தால் பாதி சக்தி ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். மட்கார்டு இல்லாததால் மழை நாளில் சட்டை முதுகெல்லாம் சேறு.

ஒருமுறை வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்து, செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் டீரெய்லர் வளைந்துவிட்டது. தெருமுனைக் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம கைக்கு வராதுங்க சார், டவுன்ல பெரிய கடையில கேளுங்க" என்றார். அப்பாவின் வண்டியில் எந்தப் பாகத்துக்கும் எந்தக் கடையிலும் நான் கேட்டிராத வார்த்தை அது.

இப்போது ஓட்டுவது அலாய் பிரேம் ஹைப்ரிட். 700சி சக்கரம், டிஸ்க் பிரேக். மழையில் இது நிற்கிற நிலையைப் பார்த்தால் ராடு பிரேக் காலத்தில் நாங்கள் எல்லாம் பிழைத்ததே பெரிது என்று தோன்றுகிறது. தகடு நடுவில் அச்சோடு இருப்பதால் ரிம் நனைந்தாலும் கோணினாலும் கவலை இல்லை. ஆனால் கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிப் பூட்ட வேண்டியிருந்தது. நம் ஊரில் சைக்கிள் என்பது சாமான் ஏற்ற. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டிகளையே எடுத்தார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. வண்டியை வடிவமைப்பவர்கள் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு வேண்டிய வண்டி இன்னும் கையில் கிடைக்கவில்லை. அப்பாவின் வண்டியின் சாய்ந்த போர்க், 40 கம்பி, கேரியர். அதோடு மழையில் நிற்கும் பிரேக். கியர் மூன்று போதும், அதுவும் பின் அச்சுக்குள்ளேயே மூடியிருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் நூறு வருடத்துக்கு முன்பே செய்து காட்டியது அது. கீழே விழுந்தால் வளைவதற்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. நடுக்கியரைவிட மேலே மூன்றில் ஒரு பங்கு கூடும், கீழே கால் பங்கு குறையும். மேம்பாலமும் எதிர்க்காற்றும் உள்ள ஊர்களுக்கு அது தாராளம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சைக்கிளில் 28 இன்ச், 26 இன்ச் என்று சொல்வதை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். கறுப்பு வண்டியின் 28 என்பது 635 மில்லிமீட்டர் ரிம். 700சி வண்டியையும் சிலர் 28 என்பார்கள், அது 622. மெல்லிய டயர் 26 என்பது 590, மலை சைக்கிளின் 26 என்பது 559. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. அந்த எண்ணையும் வால்வின் வகையையும் குறித்துக்கொண்டு, பணம் கட்டுவதற்கு முன் உங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் காட்டி டியூப் இருக்கிறதா, அவருடைய பம்பு இந்த வால்வில் பிடிக்குமா என்று கேட்டுவிடுங்கள்.