விழுந்தாலும் மிஞ்சும் புள்ளி

நுவரெலியாவுக்குத் தெரிந்த பனி, தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகும் ஜனவரி உறைபனிதான். ஆனாலும் குளிர்கால ஒலிம்பிக் வந்தால் ஹட்டன் பக்கத்துக் கைத்தொலைபேசிகளிலும் ஃபிகர் ஸ்கேட்டிங் ஓடுகிறது. கூடவே ஒரு முணுமுணுப்பும் எழும்: விழுந்தவருக்கு எப்படிப் பதக்கம், எல்லாம் பேசி வைத்த ஆட்டம்தானே? இந்தச் சந்தேகத்தில் பாதி விதி தெரியாததால் வருவது. மறுபாதி, விதி எழுதியவர்களே தேடிக்கொண்டது.

விழுந்தால் தோல்வி என்ற நம்பிக்கையை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு தாவலுக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. அண்மைய அட்டவணைகளில் நான்கு சுற்று லட்ஸுக்கு 11.50, மூன்று சுற்று சால்கோவுக்கு 4.30. செய்த தரத்துக்கு நடுவர்கள் -5 முதல் +5 வரை இடுகிறார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம். லட்ஸை முழுதாகச் சுற்றிவிட்டு விழுந்தவர் -5 வாங்கி, அடிப்படை மதிப்பில் பாதியை இழக்கிறார். விழுந்ததற்கென்று இன்னும் 1 புள்ளி போகும். அப்படியும் 4.75 மிஞ்சுகிறது, பிசகில்லாமல் இறங்கிய சாதாரண சால்கோவை விட அது கூடுதல். கண்ணுக்கு அநியாயமாகப் படும். எனக்கோ இது இந்த முறையின் நல்ல குணமாகவே தெரிகிறது. 2022 பெய்ஜிங்கில் யுசுரு ஹன்யு நான்கரைச் சுற்று ஆக்சலுக்குத் துணிந்து விழுந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இலியா மலினின் அதைச் செய்து இறங்கினார். விழுந்தவருக்கு ஒன்றுமில்லை என்றிருந்தால் இப்படித் துணிய யார் வருவார்?

அதிகம் தாவியவரே வெல்வார் என்பதும் சரியல்ல. அதே பெய்ஜிங்கில் அலெக்சாண்ட்ரா ட்ரூசோவா இரண்டாம் நாள் ஆட்டத்தில் ஐந்து நான்கு சுற்றுத் தாவல்கள் தாவி, 177.13 புள்ளியோடு அன்றைக்கு முதலாவதாக வந்தார். தங்கமோ ஆன்னா ஷெர்பகோவாவுக்கு. முதல் நாள் குறும் ஆட்டத்தில் ட்ரூசோவா விழுந்திருந்தார். அங்கே விட்ட ஐந்தரைப் புள்ளியை இரண்டாம் நாள் ஆட்டத்தில் மீட்க முடியவில்லை. இரு நாள் கூட்டுத்தொகையே முடிவு என்பதை மறந்தவர்கள்தான் அன்று சதி என்றார்கள்.

பின்புறக் குட்டிக்கரணத்தைப் பற்றிய கதை இன்னும் வேடிக்கை. 1998 நகானோவில் சூரியா பொனாலி ஒற்றைக் காலில் இறங்கியதால் அது விதிக்கு உட்பட்டது என்று இன்றும் சொல்கிறார்கள். எத்தனை காலில் இறங்கினாலும் அன்று அது தடைதான். 2024இல் தடை நீங்கியது. அதற்காகப் புள்ளி கொட்டும் என்று நினைக்க வேண்டாம், தனித் தாவலாக அதற்கு மதிப்பே இல்லை.

இனி அந்த மறுபாதி. 2002 சோல்ட் லேக் சிற்றியில் இணையர் போட்டியின் பிரெஞ்சு நடுவர் அழுத்தத்துக்கு உட்பட்டு வாக்களித்ததாகக் கிளம்பிய சர்ச்சை, கனடா இணையருக்கும் ஒரு தங்கம் கொடுத்துத்தான் ஓய்ந்தது. 6.0ஐ உச்சமாகக் கொண்ட பழைய முறை கைவிடப்பட்டு, 2004இல் இந்தக் கூட்டல் முறை வந்தது. ஒன்பது நடுவர்களின் புள்ளிகளில் உச்சமும் தாழ்வும் நீங்கும். மிச்சத்தின் சராசரியே கணக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் நடுவரைக் காப்பதாகச் சொல்லி, எந்தப் புள்ளி யாருடையது என்பதையும் மறைத்தார்கள். ஊழலுக்கு மருந்தாக இருட்டைக் கொடுத்த அந்த அபத்தம் 2016 வரை நீடித்தது.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டும் கிலோ ஒன்று, கழிவு போகப் பெயருக்கு எழுதப்படுவது இன்னொன்று. எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதில்தான் சண்டையே வரும். இங்கும் அப்படித்தான். அடிப்படை மதிப்பை எவரும் அட்டவணையில் பார்க்கலாம். தாவல் கால் சுற்றுக்கு மேல் குறைந்ததா என்பதைத் தொழில்நுட்பக் குழு மூவர் மறுஓட்டக் காட்சியைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். குறைந்தது என்றால் அடிப்படை மதிப்பில் 20 சதவீதம் போய்விடும். பனித்தளத்தின் தூர மூலையில் இறங்கும் பாதத்தைக் கெமரா பார்க்கும் கோணமே சில நேரம் பதக்கத்தை மாற்றிவிடக்கூடும்.

அமைப்பு, அளிக்கும் விதம், சறுக்கும் திறன் என்ற மூன்று கலைப் புள்ளிகளோ இன்னும் மனிதக் கைச்சரக்குதான். புகழ்பெற்றவருக்கு அங்கே கை தாராளமாக நீளும் என்ற குறை பழையது. போட்டி முடிந்ததும் நடுவர் ஒவ்வொருவரும் இட்ட புள்ளி தாளில் வெளியாகிவிடுகிறது. கால் சுற்றைத் தீர்மானித்த அந்த உறைந்த காட்சி அத்தாளில் இல்லை. அதையும் சேர்த்து வெளியிடுவதற்குப் புதிய விதிப்புத்தகம் தேவையில்லை, ஒரு படம் போதும்.