வாவிக்கரை யாருக்கு?

ஒரு நிலத்தின் எழிலைப் பாடுவது கவிஞனின் உரிமை. அவ்வெழிலின் நடுவே உழைத்து வாழும் மனிதனைக் காணாது விடுவது அவனது குறை. மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுந்த செய்யுள்களிலும் கட்டுரைகளிலும் பெரும்பாலானவற்றை வைத்து நோக்கினால், அவ்வுரிமையை நாம் தாராளமாகவே பயன்படுத்தியிருக்கிறோம் என்பது தெரியும். குறையினின்று விடுபடுவதற்கு அவ்வளவு முயன்றிருக்கிறோமா என்பது ஐயத்திற்குரியது. நிலவு உண்டு, நீர் உண்டு, பாடும் மீன் உண்டு. தோணி வலிப்பவன் மட்டும் இல்லை.

இது வெறும் இலக்கியக் குறை என்றால் ஒரு மதிப்புரையோடு விட்டுவிடலாம். அவ்வாறு விடமுடியாமைக்குக் காரணம் உண்டு. 'மீன்பாடும் தேன்நாடு' என்ற தொடர் இன்று கவியரங்கத்தின் தலைப்பாக மட்டும் வழங்கவில்லை. சுற்றுலா விளம்பரத்தின் தலைப்பாகவும் வழங்குகிறது. கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று எழுவோர் நம் கவிதையின் சொற்களையே கடன் வாங்குகின்றனர். மனிதன் இல்லாத வாவியை முதலில் கற்பனை செய்தவர்கள் நாம். அந்தக் கற்பனையை நிலத்தில் வேலியிட்டு நிறைவேற்ற முனைவோர் பின்னால் வருகின்றனர். ஆகவே வாவிக்கரை யாருக்குரியது என்னும் வினா திறனாய்வாளனுடைய வினாவும் ஆகும்.

பாடும் மீனின் கதையையே எடுத்துக்கொள்வோம். குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1848-ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியின் அடியிலிருந்து இசை எழுகிறது என்ற செய்தியை விசாரித்தார். அவருக்கு விடை கூறியவர்கள் இவ்வூர் மீனவர்கள். அது மீனின் ஒலியன்று, ஒருவகை ஊரியின் ஒலி என்பது அவர்கள் கொண்ட கருத்து. நிலவு எழுந்தபின் அவரைப் படகில் அவ்விடத்துக்கு இட்டுச் சென்றவர்களும் அவர்களே. இவற்றையெல்லாம் தெனன்ற் தம் நூலில் எழுதியிருக்கிறார். ஒலி எழும் இடத்தை அறிந்தவனும் அதற்கு ஒரு காரணம் சொன்னவனும் மீனவன் என்பதை அந்நிய அதிகாரி ஒருவர் பதிவு செய்திருக்க, பின்வந்த நாம் மீனைப் பாடவைத்து மீனவனை ஊமையாக்கினோம். இது விசித்திரமன்றோ?

வாவியை வாழ்க்கையின் வழியாக நோக்குவோர்க்கு அது வேறு தோற்றம் தரும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்நீர்ப்பரப்பு மட்டக்களப்பு மக்களை இரு கரையினராகப் பிரித்திருக்கிறது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் நெடுஞ்சாலையும் பெரும் பாடசாலைகளும் வைத்தியசாலையும் சந்தையும் வளர்ந்தன. படுவான்கரையில் நெல் விளைந்தது. விளைந்த நெல் இக்கரைக்கு வரவேண்டும். மருந்தும் கல்வியும் அக்கரைக்குப் போகவேண்டும். இடையில் நின்றது துறை.

துறைகளிடையே ஓடிய மிதவையை நம் மக்கள் 'பாதை' என்றே அழைத்தனர். இச்சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். நீரின்மேல் மிதக்கும் பலகைத் தளத்தைப் 'படகு' என்னாது 'பாதை' என்றவர்கள், அது எவரும் செல்லும் வழி என்பதை அச்சொல்லாலேயே உணர்த்திவிட்டனர். மண்முனையில் பாதை ஓடியது. தெற்கே அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையே, மண்டூருக்கும் குறுமண்வெளிக்கும் இடையே பாதை ஓடியது. கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்திற்கும் மண்டூர்க் கந்தன் திருவிழாவிற்கும் சென்ற அடியவர் கூட்டம் இத்துறைகளில் காத்துநின்றது. நெல்மூட்டையும் நோயாளியும் மணப்பெண்ணும் ஒரே பலகையில் நின்று கடந்தனர்.

போர்க்காலத்தில் இதே துறை அடையாள அட்டையும் சோதனையும் ஆயிற்று. 2007-ஆம் ஆண்டில் படுவான்கரை அரசபடைகளின் கைக்கு வரும்வரை, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்வது ஓர் ஆட்சியிலிருந்து வேறோர் ஆட்சிக்குச் செல்வதாகவே இருந்தது. கரையை அடையும் உரிமை மறுக்கப்படின் வாழ்வே மறுக்கப்படும் என்பதை நூல் படித்து அறியவேண்டிய தேவை இவ்வூர் மக்களுக்கு இல்லை.

எனவே அபிவிருத்தியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பழைய பாதையை எண்ணிப் பெருமூச்செறிவோர் சிலர் நம்மிடையே உளர். மாரிக்காற்றில் பாதை ஓடாத நாளில் பிள்ளைப்பேற்று வேதனையோடு துறையில் கிடந்த பெண்ணிடம் அவர்கள் அப்பெருமூச்சைக் கூறட்டும். எம் வகுப்பறையில் அக்கரை மாணவரின் இருக்கைகள் மார்கழி மாதத்தில் வெறுமையாகக் கிடந்த நாட்களை நாம் அறிவோம். வரவுப் பதிவேட்டில் அது 'சமுகமின்மை' எனப் பதிவாயிற்று. உண்மையில் சமுகம் தராதது பாலமே. 2014-ஆம் ஆண்டு யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது மக்கள் மகிழ்ந்தது நியாயமே. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடைபெற்றுக்கொண்டிருக்க, மாற்றாக ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். பழமையின் அழகைப் பேசுவோர் இச்செய்தியையும் கூடவே பேசுவது கடமை.

ஆயின் அபிவிருத்தி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. மக்களைக் கரைக்குக் கொண்டுவரும் அபிவிருத்தி ஒன்று. மக்களைக் கரையிலிருந்து அகற்றும் அபிவிருத்தி மற்றொன்று. கல்லடியை நோக்குக. 1924-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த இரும்புப் பாலம் ஓர் ஆளுநரின் மனைவி பெயரைத் தாங்கியது. 2013-ஆம் ஆண்டு அருகே புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னும் பழையது இடிக்கப்படவில்லை. மாலையில் காற்று வாங்குவோரும் தூண்டில் போடுவோரும் அங்கு நின்றனர். கட்டணம் கேட்பார் இல்லை. இது முதல்வகை.

பாசிக்குடாவை நோக்குக. போர் ஓய்ந்தபின், 2011-ஆம் ஆண்டு முதலாக அங்கே உல்லாச விடுதிகள் அடுத்தடுத்து எழுந்தன. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் ஒடுங்கிவிட்டதென மீனவர் முறையிட்டனர். கரைவலை இழுப்பதற்கு நீண்ட மணற்பரப்பு வேண்டும். பத்து முழம் இடம் தந்து 'உனக்கும் பங்கு உண்டு' என்பது கேலியாகும். விடுதிகளால் வேலை கிடைத்தது என்பர். கிடைத்தது உண்மையே. ஆனால் சொந்தத் தோணியின் சொந்தக்காரனாக இருந்தவன் பிறன் வாயிலில் காவற்காரனாக நிற்பதை 'வேலை கிடைத்தது' என்ற இரு சொற்களால் அளந்துவிட முடியுமா?

2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அழித்தபின் நடந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றருக்குள்ளும் வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என அரசு அறிவித்தது. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. உயிர்காக்கும் எல்லை நல்லதே. அது மீனவன் குடிசைக்கு ஓர் அளவாகவும் முதலாளியின் விடுதிக்கு வேறோர் அளவாகவும் அமையுமாயின், அங்கே காக்கப்படுவது உயிரன்று.

சட்டம் நமக்கு முற்றிலும் பகையன்று என்பதையும் சொல்லவேண்டும். இந்நாட்டுப் பொதுச்சட்டத்தின் அடிப்படையான உரோம–டச்சுச் சட்டத்தின் பழைய வேர் ஆறாம் நூற்றாண்டின் யஸ்தீனியன் தொகுப்பில் உள்ளது. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியன இயற்கையால் யாவர்க்கும் பொது என்பது அதன் கொள்கை. எப்பாவல பொசுபேற்று வழக்கில் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த இலங்கை உயர்நீதிமன்றம், நாட்டின் இயற்கை வளங்களை அரசு மக்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பாளராகவே கையாளவேண்டும் என்ற கருத்தை எடுத்துரைத்தது. 1981-ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டபோது, கடலோடு இணைந்த வாவிகளின் சுற்றோரத்தில் 100 மீற்றர் நிலமும் கரையோர வலயத்துள் அடங்கிற்று. ஏடுகளில் உரிமை இருக்கிறது. அதனைக் கேட்கும் குரல்தான் துறைக்கு வரவேண்டும்.

அக்குரல் எவ்வாறு கேட்கவேண்டும்? வாவிக்கரையில் ஒரு திட்டம் முன்வைக்கப்படும்போது நாம் மூன்று வினாக்களை எழுப்பலாம். கையில் காசில்லாதவன் இக்கரைக்கு வந்து அமரமுடியுமா? தோணிக்காரன் தன் தோணியைக் கட்டவும் வலையை விரிக்கவும் இடம் எஞ்சுமா? வரைபடம் வரையப்படுமுன் அவ்விருவரிடமும் எவராவது கேட்டார்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைக்குமாயின் பூங்கா வரட்டும், நடைபாதை வரட்டும், விளக்கும் வரட்டும். நாமே முதலில் வரவேற்போம். காந்திப் பூங்காவில் மாலைவேளையில் குழந்தைகள் ஓடியாடுவதைக் கண்டு மகிழாதார் யார்? விடை 'இல்லை' என்றால், எவ்வளவு பூச்செடி நட்டாலும் அது வேலியே.

எழுத்தாளரிடமும் ஒரு சொல். 1964-இல் வி. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலை எழுதியபோது, இந்நாட்டு மக்களின் பாட்டையும் வழக்கத்தையும் ஏட்டில் ஏற்றத்தக்க பொருளாகக் கொண்டார். அது பெரிய தொண்டு. அத்தொண்டின் அடுத்த படி, அம்மக்களின் உழைப்பையும் உரிமையையும் இலக்கியப் பொருளாகக் கொள்வதே. கண்டல் காடு அழிந்தால் இறால் குஞ்சு எங்கே வளரும் என்பதை அறிந்த மீனவன் நம் கதைகளில் பேசவேண்டும். பாலம் வந்தபின் பாதைக்காரன் என்ன ஆனான் என்பதை ஒரு நாவல் சொல்லவேண்டும். இவ்வாறு எழுதினால் அழகு குன்றிவிடும் என்று அஞ்சுவோர், வாவியின் ஒலியைத் தெனன்றுக்குக் காட்டியவன் யார் என்பதை மறந்தவர்கள்.

தமிழில் 'துறை' என்ற சொல் நீரிறங்கும் இடத்தையும் குறிக்கும். கல்வியின் பிரிவையும் குறிக்கும். செய்யுளின் பாகுபாட்டையும் குறிக்கும். பின்னைய இரண்டும் முன்னையதிலிருந்து பிறந்தவை. ஆசிரியரும் மாணவருமாகிய நாம் பின்னைய துறைகளில் பட்டம் பெற்றிருக்கிறோம். முதல் துறைக்குச் சென்று, அங்கே பாதைக்குக் காத்துநிற்போரின் பக்கத்தில் நிற்பது நாம் இன்னும் கொடுத்துத் தீராத கடன்.