5000 வாட் எங்கே போயிற்று?

ஒலிக்கருவி வாங்குவதற்குக் காதுதான் உரைகல் என்பார்கள். கடைக்காரர் பெட்டியை மேசைமேல் வைத்துத் தமக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுவார். நாம் நமக்கு நன்கு தெரிந்த பாட்டைப் போடச் சொல்வோம். அடுத்த பெட்டியையும் ஒலிக்கச் செய்து, ஒப்பிட்டு, விலை பேசி வாங்குவோம். இணையக் கடையில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அங்கே படமும் எழுத்தும்தான் உண்டு. வாங்குபவரின் காது செய்யவேண்டிய வேலையை விவரப் பக்கத்தின் எழுத்து செய்யவேண்டியிருக்கிறது. அவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்ற ஓர் எழுத்தை, ஒரு நூலைத் திறனாய்வதுபோல் வரிவரியாகத் திறனாய்ந்து பார்ப்பதில் தவறில்லை. அத்தகைய ஒரு பக்கத்தையும், அதை நம்பி வரவழைத்த ஒரு பெட்டியையும் இங்கே அருகருகே வைத்துப் பார்ப்போம்.

நீலகிரியில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது அரவேணு. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இடையிடையே ஹட்டி எனப்படும் படுகர் ஊர்கள். அவற்றுள் ஓர் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மாலை வேளைகளில் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். பதிவு செய்யப்பட்ட பாடங்களையும் போட்டுக் காட்டுவது வழக்கம். கூடத்தில் நாற்பது பேர் அமரலாம். கூரை தகரம். மழை பிடித்துக்கொண்டால் கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்காது. ஆகவே பெற்றோர்கள் பசுந்தேயிலை விற்ற காசில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயில், இணையக் கடை ஒன்றிலிருந்து ஓர் ஒலிப்பெட்டித் தொகுதி வாங்கப்பட்டது. தாழ்ந்த ஒலிகளுக்கென ஒரு பெரிய பெட்டி; மற்ற ஒலிகளுக்கு இரண்டு சிறு பெட்டிகள். ஐந்தாம் நாளே மலையேறி வாசலுக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் இதற்குக் கோவைக்கு ஒரு நாள் பயணம் போகவேண்டும். திரும்பும்போது பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொண்டையூசி வளைவுகளைக் கடக்கவேண்டும். இணையக் கடை செய்திருக்கும் இந்த உதவியைக் குறைத்துச் சொல்வது நியாயமன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது.

பக்கத்தின் முதல் வரியிலேயே, மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று இருக்கிறது. பெட்டியின் முதுகில் ஒட்டப்பட்ட சிறு தகட்டிலோ '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்' என்று இருக்கிறது. இவ்விரண்டு எண்களில் ஒன்றை நம்பினால் மற்றொன்றைக் கைவிடவேண்டும். ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்பது பள்ளியிலேயே நாம் படித்த விதி. சுவரிலிருந்து நொடிக்கு 60 ஜூல் மட்டுமே வாங்கும் கருவி, நொடிக்கு 5000 ஜூல் வீதம் தொடர்ந்து வெளியே தள்ள முடியாது. மெய்யாகவே 5000 வாட் வேண்டுமென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 22 ஆம்பியர் மின்னோட்டம் பாயவேண்டும். இப்பெட்டியுடன் வந்த செருகி, சாதாரண 6 ஆம்பியர் துளைப்பெட்டியில் செருகும் வகை. அதன் வழியே 1380 வாட்டுக்கு மேல் எடுப்பதற்கில்லை.

'அது தொடர்ந்து தரும் திறன் அன்று. ஒரு கணத்தின் உச்சம்' என்று விற்பவர் விடை சொல்லக்கூடும். அதையும் சோதித்துவிடலாம். கணநேரத் தேவைக்கு ஆற்றலைச் சேர்த்து வைப்பது உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கி. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருந்தது. அதன்மேல் 24 வோல்ட் மின்னழுத்தம். அதில் தங்கும் ஆற்றல் சுமார் 1.35 ஜூல். நொடிக்கு 5000 ஜூல் வீதம் இறைத்தால், ஒரு நொடியை மூவாயிரத்து ஐந்நூறு கூறாக்கி அதில் ஒரு கூறு கழிவதற்குள் மின்தேக்கி வறண்டுவிடும். ஒரு மிருதங்க அடியின் தொடக்கம்கூட அதற்குள் முடியாது. அதுவும் இருக்கட்டும். 24 வோல்ட் முழுவதும் 4 ஓம் ஒலிபெருக்கிச் சுருளில் பாய்ந்தால்கூட 6 ஆம்பியர்தான். திறன் 144 வாட். எத்தனை சிறிய கணத்தை எடுத்துக்கொண்டாலும் இந்த வரம்பைத் தாண்ட இயலாது. எனவே 5000 என்பது மிகைப்படுத்திய அளவு என்றுகூடச் சொல்வதற்கில்லை. அளக்காமலே எழுதிய எண் அது.

பி.எம்.பி.ஓ. என்பதை எப்படி அளப்பது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட முறை எதுவும் கிடையாது. இந்த நோயை இணையக் கடைகள் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1990-களில் ஒலிநாடாப் பெட்டிகளின் முகப்பிலேயே இத்தகைய எண்கள் மின்னின. ஆனால் அந்நாளில் எண்ணைப் படித்தவர் பெட்டியைக் கேட்கவும் கேட்டார். நேர்மையான தயாரிப்பாளர்கள் 'ஆர்.எம்.எஸ். வாட்' என்று குறிப்பிடுகிறார்கள். கண்டிப்பான இயற்பியலில் ஆர்.எம்.எஸ். என்பது மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உரியது. திறனுக்குச் சராசரி என்பதே சரி. வணிகத்தில் பழகிவிட்ட சொல் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இதே குழப்பம் முற்றியபோது, வீட்டு ஒலிப்பெருக்கிகளின் வாட் அளவை எந்த நிலைமைகளில் அளந்தது என்பதையும் சேர்த்தே வெளியிடவேண்டும் என்று அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் 1974-இல் விதி செய்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து 2024-இல் அளக்கும் முறையையே ஒருசீராக்கி அதைத் திருத்தியிருக்கிறது.

இரண்டாவது வரிக்கு வருவோம். 'அதிர்வெண் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்.' இது மனிதக் காதின் எல்லை, பாடப்புத்தகத்தில் இருப்பது. பெட்டியின் எல்லையைக் கேட்டால் காதின் எல்லையை எடுத்து எழுதியிருக்கிறார்கள்! ஒலிபெருக்கியின் கூம்பு காற்றைத் தள்ளியே ஒலி எழுப்புகிறது. அதே உரப்போடு அதிர்வெண்ணைப் பாதியாக்கவேண்டுமானால் கூம்பு முன்னும் பின்னும் நான்கு மடங்கு தொலைவு நகரவேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், 20 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டர் நகரவேண்டும். கைப்பிடி அகலமுள்ள ஒரு கூம்புக்கு இது ஆகாத காரியம். 'இத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள்' என்ற சொற்கள் இல்லாத அதிர்வெண் கணக்கு, அலகு சொல்லாமல் நீளம் சொல்வது போன்றது.

இருப்பவற்றைவிட இல்லாதவையே இந்தப் பக்கத்தின் பெருங்குறை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கும் என்பதை ஒலிபெருக்கியின் உணர்திறன் என்பர். வாங்குபவருக்கு வாட்டைவிட இதுவே முதன்மையானது. திறனை இரு மடங்காக்கினால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் கூடும், காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகத் தோன்றும். ஆகவே 85 டெசிபெல் பெட்டிக்கு 40 வாட் கொடுத்துப் பெறும் உரப்பை, 91 டெசிபெல் பெட்டி 10 வாட்டிலேயே தந்துவிடும். ஆயினும் இந்த ஒரு வரி அந்தப் பக்கத்தில் இல்லை. திரிபு எவ்வளவு, மின்மறுப்பு எத்தனை ஓம் என்பனவும் இல்லை. ஒளிரும் விளக்குகள் ஏழு நிறம் காட்டும் என்பது மட்டும் மூன்று இடங்களில் இருக்கிறது. எல்லாப் பக்கங்களும் இப்படியல்ல. இவற்றை ஒழுங்காகத் தரும் சிறு தயாரிப்பாளர்களின் பக்கங்களும் அதே கடைகளில் உண்டு. ஆனால் தேடலில் அவை கீழே கிடக்கின்றன.

மலைவாசிகளுக்காக ஒரு சிறு கணக்கு: கோத்தகிரி வட்டாரத்தின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே கூம்பு அதே அளவு அசைந்தால் ஒலி ஒன்றரை டெசிபெல் குறையும். காதுக்கு அரிதாகவே தெரியும். அதற்காக யாரும் அதிக வாட் வாங்கவேண்டியதில்லை.

ஆசிரியருக்கு வேண்டியது பேச்சுத் தெளிவு. தமிழில் ல, ள, ழ ஆகியவற்றைக் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். தாழ்ந்த ஒலி உரத்து முழங்கினால் அது தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைத்துவிடும் என்பது செவியியலில் நன்கு அறியப்பட்ட உண்மை. 'அதிரடி முழக்கம்' என்று புகழப்பட்ட பெரிய பெட்டி தகரக் கூரையின்கீழ் அதைத்தான் செய்தது. முன் வரிசைக்கு இடி கேட்டது. பின் வரிசைக்குச் சொல் கேட்கவில்லை. வாசகர் மதிப்பீடாக நாலே கால் நட்சத்திரம் இருந்ததே என்றால், அவற்றுள் பல, பெட்டி உடையாமல் வந்ததற்கும் சொன்ன நாளுக்கு முன்பே வந்ததற்கும் இட்டவை. வேறு மாதிரிப் பெட்டிகளுக்கு எழுதியவையும் அதே பக்கத்தில் கலந்திருந்தன. இத்தகைய மதிப்பீடுகளை எப்படித் திரட்டி வெளியிடவேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. பின்பற்றுவது கடைகளின் விருப்பம் என்று விட்டிருப்பதால் பயன் குறைவு.

இவற்றுக்கிடையே ஓர் இரைச்சலும் இருந்தது. ஒலியளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, எல்லா இணைப்புகளையும் கழற்றிய பின்னரும் 'ம்ம்ம்' என்ற ஓசை நிற்கவில்லை. எனவே கோளாறு வெளியில் இல்லை. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தைத் திருத்தும்போது 100 ஹெர்ட்ஸ் அலைவு எஞ்சும். மின்தேக்கி அதைச் சரியாக வடிகட்டாவிட்டால் இப்படித்தான் ஒலிக்கும். கடையின் சேவைப் பிரிவு, தொழில்நுட்பர் அப்பகுதிக்கு வர இயலாது, இரைச்சலைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்புங்கள் என்றது. அனுப்பினார்கள். 'படத்தில் இரைச்சல் எதுவும் கேட்கவில்லை' என்று பதில் வந்தது. கேட்காதுதான். கைப்பேசியின் நகக்கண் அளவு ஒலிபெருக்கி 100 ஹெர்ட்ஸை ஏறக்குறைய விழுங்கிவிடும். கேட்கமுடியாத கருவியைக் கொண்டு கேட்டுவிட்டு, குறை இல்லை என்று தீர்ப்பளிக்கும் முறை எந்த ஆய்வுக்கூடத்திலும் செல்லாது. அதற்குள் திருப்பியனுப்பும் ஏழு நாள் கெடுவும் முடிந்துபோயிற்று.

பிறகு ஆசிரியர் இரைச்சலை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டார். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் கூறிய பண்புகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக்கூடாது. கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்பவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். 5000 என்ற பக்கத்தின் படத்தையும், 60 என்ற தகட்டின் படத்தையும் ஒரே தாளில் ஒட்டி, நடுவே ஆற்றல் கணக்கை நான்கு வரியில் எழுதி அனுப்பினார். மூன்றாம் வாரம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், பணம் திரும்பியது. திரும்பியிராவிட்டால் கடையின் தலைமையகம் இருக்கும் நகரத்துக்கு அலையவேண்டியதும் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. அரவேணுக்காரருக்கு அது உதகையிலுள்ள மாவட்ட ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிட்டுப் பார்ப்பதும் நல்லது.

அந்தப் பெட்டியின் பக்கத்தைச் சென்ற வாரம் மறுபடி பார்த்தேன். கறுப்போடு சிவப்பு நிறமும் சேர்ந்திருக்கிறது. வாட் 5000 ஆகவே இருக்கிறது.